முதுகில் ஓர் அறை சுமக்கும் வண்டி

ஐயா,

நேற்று நீ உன் அப்பாவிடம் போனில் பேசியதை, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். நீயும் ரேவதியும் ஓசூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, பின்னால் படுக்கை அறை கட்டிய பிக்கப் ஒன்றை வாங்கி, ஒரு வருஷம் அதிலேயே இருந்து ரோடு இல்லாத இடமெல்லாம் போகப் போகிறீர்கள் என்று சொன்னாய். உற்சாகத்தில் அப்பாவின் குரல் ஏறிவிட்டது. டயர் எப்படிப் பார்ப்பது, அடியில் துரு எங்கே பிடித்திருக்கும், மழையில் எந்தப் பக்கம் ஒழுகும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னதெல்லாம் சரி. நீயும் குறித்துக்கொண்டாய். அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்று நீ சொன்னபோது நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி எப்படி வந்தது என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். நீ அப்போது ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அப்பா சவுதியில் இருந்து கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்திருந்தார். நானும் மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற சமயம். கல்யாணமானதில் இருந்து அவர் லீவில் வந்து போன ஆள். வந்தால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அந்த நாட்களில் விருந்தாளிக்குச் செய்வது போலச் செய்வேன், அவரும் விருந்தாளி போலத்தான் இருப்பார். ஒரேயடியாக வந்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் கோயில் வாசல்வரை நடந்துவிட்டு வருவார். வந்ததும் நன்றாக இருக்கிற சுவிட்சைக் கழற்றிப் பார்ப்பார். பாலைவனத்தில் கனரக வண்டி ஓட்டிய மனிதருக்கு நம்முடைய தெருவில் ஓட்ட ஒன்றும் இல்லை. நான் டிவியைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை.

ஒரு நாள் மத்தியானம், நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இதுல என்ன ஏத்தப் போறீங்க?" என்று கேட்டேன். "நம்மளத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ராஜபாளையம் போகிற வழியில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வண்டியை விட்டார். பின்னால் அறை மாதிரிக் கூடு கட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தார். நீயும் யாரோ கட்டிய வண்டியை வாங்குவதாக இருந்தால், கூட்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் அதில் எத்தனை அழகான ஜன்னல் இருந்தாலும் திரும்பி வந்துவிடு.

பட்டறைக்கு நானும் போனேன். எனக்கு அலமாரி வேண்டும், பாத்திரம் வைக்கத் தட்டு வேண்டும், தண்ணீர்த் தொட்டி பெரிதாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் தகரத்தைத் தட்டிப் பார்த்தபடி, "ஏட்டி, நாம வீடு கட்டலை. வண்டி கட்டுதோம். மேல எடை கூடுனா பள்ளத்துல சாய்ச்சிரும்" என்றார். பெரும்பாலும் அவர் பேச்சுதான் நடந்தது. ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே ஒரு கழிப்பறை இல்லாமல் நான் ஏற மாட்டேன் என்றேன். ஆம்பளைக்கு ஊரெல்லாம் மரம் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று பட்டறை ஆட்கள் முன்னாலேயே கேட்டேன். வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். கட்டிலுக்கு அடியில் இழுத்து வெளியே எடுக்கிற மாதிரி ஒன்று வைத்தார்கள். ரேவதி இதை உன்னிடம் கேட்கக் கூச்சப்படலாம். நீயே முதலில் கேள். வண்டியில் வாழ்வது சுகமா கஷ்டமா என்பதில் பாதி அதில்தான் இருக்கிறது.

முதல் பயணம் சாத்தான்குளம் பக்கம் செம்மண் தேரிக்கு. சக்கரக் காற்றைக் குறைத்துவிட்டு, மணலில் ஏறி இறங்கிக் காட்டினார். அந்த மனிதரை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். லீவில் வந்து போனவர் வேறு யாரோ. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்குத்தானே பேசினார், மேட்டைப் பார்த்துத் திட்டினார், இறக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இறங்கி, என்னை ஏறி உட்காரச் சொன்னார். "ஒத்த டிரைவரை நம்பி யாரும் பாலைவனத்துக்குள்ள போக மாட்டாங்க. அங்கன அதான் சட்டம்" என்றார். ஆபீஸுக்கு ஸ்கூட்டி ஓட்டிய கையால் அந்த வண்டியைத் திருப்பினேன். மணலில் பயந்து பிரேக்கைப் பிடித்ததும் வண்டி புதைந்தது. இரண்டு பேரும் மண்வெட்டியால் தோண்டினோம். "மெத்துன மண்ணுல எதுக்காவும் நிக்காத. உருண்டுகிட்டே இருக்கணும்" என்று சொன்னார். அதன்பிறகு பனவடலிசத்திரம் பக்கத்துத் தார் ரோட்டில் சில நாள் ஓட்டினேன். லைசென்ஸும் எடுத்தேன். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லாததால் விட்டுவிட்டேன். அவர் ஓட்டட்டும், நான் வேடிக்கை பார்க்கிறேன் என்று இருந்துவிட்டேன்.

ஓட்டுவது சுலபம், படுப்பதுதான் கஷ்டம். கதவை மூடினால் உன் அப்பாவுக்குத் தூக்கம் வராது. சவுதியில் கேம்பில் ஜன்னல் இல்லாத தகரக் கூட்டில் பல ஆட்களோடு படுத்துக் கிடந்திருக்கிறார். அதை எனக்கு ஒருநாளும் எழுதியதில்லை. கதவு திறந்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது. உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துப் படுத்தவள் நான். அதை நானும் அவரிடம் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரு கதவுக்காக வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டோம். வீடாக இருந்தால் ஒருவர் ஹாலில் போய்ப் படுக்கலாம். அந்தக் கூட்டில் முழங்கையை நீட்டினால் மற்றவர் விலாவில் படும். வேறு வழி இல்லாமல் பேசினோம். அவர் கேம்பைச் சொன்னார், நான் தாழ்ப்பாளைச் சொன்னேன். கம்பி வலைக் கதவு ஒன்றைச் செய்து, உள்ளே சங்கிலி போட்டோம். அதன்பிறகு இரண்டு பேரும் தூங்கினோம். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து, உன் அப்பாவோடு நான் குடித்தனம் ஆரம்பித்தது அந்த வலைக் கதவில் இருந்துதான்.

வேடிக்கைகளும் உண்டு. குருவிகுளம் பக்கம் ஒரு ஊர் மந்தையில் காலையில் கண் விழித்தால் வெளியே ஆட்டுச் சத்தம். வலைக் கதவு வழியாகப் பார்த்தேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு சனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். வெள்ளை வண்டி, பின்னால் கதவு, கூரையில் சோலார் தகடு. மாட்டாஸ்பத்திரி வண்டி வந்திருக்கிறதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். முன்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, ரெண்டு நாளா இரை எடுக்க மாட்டேங்கி" என்று ஆட்டின் வாயைத் திறந்து காட்டினாள். உன் அப்பா இறங்கவே இல்லை. பாலைவனம் பார்த்த மனிதருக்குக் கொம்பு வைத்த எதைக் கண்டாலும் பயம், அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் டாக்டர் இல்லை, சும்மா ஊர் பார்க்க வந்தோம் என்று சொன்னேன். "சும்மாவா? இங்கன பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். போகிற இடமெல்லாம் உன்னை யாரென்று கேட்பார்கள். எரிச்சல் படாதே. பதில் சொன்னால் தண்ணீர் கிடைக்கும், பாதை தெரியும், ராத்திரி யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். போன ஐப்பசியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, நீ விமானத்தில் வந்தாய். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போய், ஆள் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "இந்தச் சேத்துல நெஞ்சு வலியோட அப்பா எப்படிம்மா ஓட்டுனாரு?" என்று கேட்டாய். அன்றைக்கு உன் முகம் இருந்த நிலையில் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. இப்போது சொல்கிறேன். ஓட்டியது நான்.

இளையரசனேந்தலுக்குத் தள்ளி, தார் ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே, ஒரு கண்மாய்க் கரை ஓரத்தில் நிறுத்தியிருந்தோம். கரிசல் காடு. முந்தின நாள் காய்ந்து வெடித்துக் கிடந்த மண். காலையில் மழை பிடித்தது. மழை விட்டதும் அப்பா இறங்கி, பக்கவாட்டில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தார். திரும்பிப் பார்த்தால் வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். நூற்றியெட்டுக்குப் போன் போட்டேன். மழை பெய்த கரிசலுக்குள் தங்கள் வண்டி வராது, தார் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் அங்கே தயாராக நிற்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். முன் சீட்டு உயரம். அவரால் ஏற முடியவில்லை, என்னால் தூக்கவும் முடியவில்லை. பின்னால் கட்டிலில் படுக்க வைத்தேன்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த மாதிரி வண்டியில் ஓட்டுகிற இடம் வேறு, வாழ்கிற இடம் வேறு. நடுவில் சுவர். முன்னால் உட்கார்ந்தால் பின்னால் நடப்பது தெரியாது. இரண்டு பேருமே முன்னால் உட்கார்ந்து போனவர்கள் ஆதலால் அது எங்களுக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. போன் பேசிக்கொண்டே வந்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். அவர் போன் முன்னால் சார்ஜில் கிடந்தது. அந்த நேரம் அது என் புத்தியில் வரவில்லை. எப்படி ஓட்ட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். மூச்சு வாங்க வாங்க, பிசிறில்லாமல் சொன்னார். "கியர் பக்கத்துச் சின்னக் கம்பியக் கீழ இழு, நாலு சக்கரமும் இழுக்கும். ரெண்டாவது கியர். கிளட்ச்சுல இருந்து கால எடுத்துரு. வழுக்குனா வழுக்கட்டும், நிக்காத. நான் சுவத்துல தட்டிக்கிட்டே வாரேன், உனக்குக் கேக்கும்." கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தேன். கதவைச் சாத்தினேன்.

கரிசல் நனைந்தால் எப்படி இருக்கும் என்று நம்மூர்ப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தில் அப்பி, சக்கரமே களிமண் உருண்டை ஆகிவிட்டது. நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி அதன்பாட்டுக்கு வேறு பக்கம் போயிற்று. இடது பக்கம் கண்மாய்ச் சரிவு. முதுகுக்குப் பின்னால் டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டக், டக் என்று. அதைக் கேட்டபடியே ஓட்டினேன். பாதி தூரத்தில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை வந்தது. நிற்க முடியாது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மேய்த்து வந்த ஆள் கம்பை வீசி ஆடுகளை வயலுக்குள் விரட்டினார். கடைசி ஆடு ஒதுங்கியதும் கையை எடுத்தேன். பின்னால் சத்தம் இல்லை.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஹாரன் அடித்தபோதே நின்றதா, அதற்கு முன்பா, தெரியாது. "ஏங்க" என்று கத்தினேன். சுவரில் முழங்கையால் குத்தினேன். ஒன்றும் இல்லை. நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் பிரேக்குக்குப் போயிற்று. அழுத்தவில்லை. நின்றால் அந்த வண்டி அங்கிருந்து எழுந்திருக்காது. உயிரோடு இருந்தால் தார் ரோட்டில்தான் பிழைப்பார், இல்லையென்றால் நான் பார்ப்பதால் ஆகப் போவது ஒன்றும் இல்லை. இதை இப்படித் தெளிவாக நினைத்தேன் என்று சொன்னால் உனக்கு என்னவோ போல இருக்கும். ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அழவில்லை. மிச்சப் பாதை முழுக்க ரெண்டாவது கியரில், நிற்காமல், அந்தச் சத்தம் இல்லாத சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். தார் ரோட்டில் ஏறியதும் ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். நான் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. "அம்மா, மூச்சு இருக்கு" என்று ஒருவர் கத்தின பிறகுதான் இறங்கினேன்.

மற்றது உனக்குத் தெரியும். திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். உனக்குத் தெரியாதது ஒன்று. வார்டுக்கு மாற்றிய அன்று, நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நான் தட்டுறது நின்னது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பொறவும் நீ நிப்பாட்டல."

"நிப்பாட்டல."

"ரெண்டாவது கியர்லயேதான் வந்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். சவுதிக்கு விமானம் ஏறின காலத்தில்கூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச காலம் ஓட்டக் கூடாது என்றார்கள். அவர் அந்தக் கொஞ்ச காலத்தை என்றைக்கும் என்று எடுத்துக்கொண்டார். வண்டியைப் படுதா போட்டு மூடினார். தை மாதம் ஒரு புருஷனும் பொஞ்சாதியும் வாங்கிக்கொள்ள வந்தார்கள். அப்பாதான் யாரிடமோ சொல்லி வரவழைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் காட்டினார். கழிப்பறையை இழுத்துக் காட்டினார், வலைக் கதவைக் காட்டினார். அந்தப் பெண் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து, "இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க, ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டாள். அவர் கம்பி வலையைப் பிடித்தபடி நின்றார். நான், "விக்கல. உங்கள வீணா அலைய விட்டுட்டோம், காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அவர்கள் போன பிறகு, "யாரு ஓட்டுவா?" என்று என்னிடம் கேட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியை வெளியே எடுத்தேன். அதே வாரம் பட்டறையில் நடுச்சுவரை அறுத்து, முன்னும் பின்னும் ஆளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஒரு ஜன்னல் வைத்தோம். நீ வாங்கப் போகிற வண்டியில் அது இல்லையென்றால் வைத்துக்கொள். மாத்திரையும் தண்ணீரும் கூட்டில் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டு இடத்தில் வை. மழைக்காலத்தில் கரிசலில் இறங்காதே.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வந்தால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். போன வாரம் கழுகுமலைக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். வெயில் கொடுமை. ஆனாலும் போனோம்.

நீங்கள் போக வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். போங்கள். ஆனால் வண்டியைப் பார்க்கப் போகிற அன்றைக்கு ரேவதியையும் கூட்டிக்கொண்டு போ. அவள் ஓட்ட, நீ பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் வந்து பார். கல்லும் குழியுமான பாதையாகப் பார்த்து ஓட்டச் சொல். அங்கே படுத்துக்கொண்டு வருவது எப்படி இருக்கும் என்று உன் அப்பாவுக்குத்தான் தெரியும். அவர் அதை உனக்குச் சொல்ல மாட்டார். உனக்கு அது பிடிக்காது, தூக்கித் தூக்கிப் போடும், அவளை மெதுவாகப் போகச் சொல்லிக் கத்துவாய். கத்தாதே. அவள் போக்கில் ஓட்டட்டும். இறங்கும்போது, அவள் கையில் வண்டி இருந்தால் உனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றினால், முன்பணம் கொடு.

உன் அம்மா